கண்ணைத் துடைத்த பிறகு

நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னாலே பேசி, உங்களையெல்லாம் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! காரைக்குடிப் பெருமக்களே! தாய்மார்களே!

இந்த ஊரிலே பட்டிமன்ற மேடை ஏறுவதென்றால் கொஞ்சம் கால் நடுங்கத்தான் செய்யும். சா. கணேசன் ஐயா கம்பனுக்குக் கழகம் கண்டு, விழா எடுத்து, வழக்காடு கலையை வளர்த்த ஊர் இது. இங்கே கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருமே நடுவர்கள்தான். தப்பாகப் பேசினால் ஆச்சிமார்களே எழுந்து திருத்திவிடுவார்கள்! (சிரிப்பு)

அமைதியையும் மனிதநேயத்தையும் சமூக நீதியையும் பேசுகிற படங்கள் மனிதனை மாற்றுகின்றனவா, இல்லை கண்ணீரோடு முடிந்துபோகின்றனவா? இதுதான் தலைப்பு. மாற்றுகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? "1981-லே 'தண்ணீர் தண்ணீர்' வந்தது. கோமல் சுவாமிநாதன் எழுதிய நாடகத்தை பாலசந்தர் படமாக எடுத்தார். ஒரு குடம் தண்ணீருக்குத் தவிக்கிற அத்திப்பட்டியைப் பார்த்து ஊரே அழுதது. அழுதவன் வீட்டுக்கு வந்து என்ன பண்ணினான்? குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினான்!" அப்படின்னாரு. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

ஆனா ஐயா, டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுறாரு. எலும்பு முறிஞ்சிருக்கு. "எக்ஸ்ரே எடுத்தும் எலும்பு கூடலையே"ன்னு அந்தப் படத்தைக் கிழிச்சுப் போடுவோமா? முறிவு எங்கேன்னு காட்டுவது படத்தின் வேலை. கட்டுப் போட வேண்டியது யாரு? நாமதானே! (கைதட்டல்)

இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலே கோட்டையூர். அந்த ஊர்ப் பிள்ளை ஏ.கே. செட்டியார். 1911-லே பிறந்தவர். பர்மாவிலே 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோக் கலை படித்தவர். 1937, அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிலே போய்க்கொண்டிருக்கிறார். காந்தி பிறந்த நாள். நடுக்கடலிலே ஓர் எண்ணம்: காந்தியைப் பற்றி ஒரு முழுப்படம் எடுத்தால் என்ன?

பணக்கார வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்குக்குச் செய்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ காந்தியை எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்தார். 50,000 அடி பிலிம் சேர்த்தார். அதிலே 12,000 அடியைத் தேர்ந்து, தமிழ் விளக்கத்தோடு 1940 ஆகஸ்டிலே சென்னையிலே வெளியிட்டார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. ஆளுகிறவன் வெள்ளைக்காரன். உலகத்துக் கப்பலெல்லாம் துப்பாக்கி ஏற்றிக்கொண்டு போகிற காலத்திலே, கோட்டையூர்க்காரர் ஒருத்தர் அகிம்சையைத் தகர டப்பாவிலே அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! (கைதட்டல்)

"அந்தப் படம் இப்ப எங்கேயா?"ன்னு நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்தத் தமிழ்ப் படம் முழுசாக நம் கையிலே இல்லை. 1953-லே அமெரிக்காவிலே ஆங்கிலத்திலே தயாரான வடிவத்தின் சுருக்கம்தான் பல காலம் கழித்து அங்கேயிருந்து கிடைத்தது. இது யார் குற்றம்? படத்தின் குற்றமா? லட்சம் மைல் போய்த் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாரே ஒருத்தர், அதைப் பத்திரமாக வைக்கத் தெரியாத நம்ம குற்றமா?

அடுத்து, இந்த மண்ணின் இன்னொரு பிள்ளை. ஏ.வி. மெய்யப்பன். தேவகோட்டை ரஸ்தாவிலே ஸ்டுடியோ போட்டு, பாரதி பாட்டும் காந்தி பெயருமாக 'நாம் இருவர்' எடுத்து 1947 பொங்கலுக்கு விட்டவர். நாடு விடுதலையாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதே ஏ.வி.எம். நேஷனல் பிக்சர்ஸோடு சேர்ந்து 1952 தீபாவளிக்குக் கொடுத்த படம் 'பராசக்தி'. கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம். எல்லாரும் அந்தக் கோர்ட் சீனைத்தான் சொல்வார்கள். நான் அந்தப் படத்தின் இன்னோர் ஓரத்தைச் சொல்கிறேன். பர்மாவிலே குண்டு விழுகிறது. அண்ணன் தம்பிகள் சிதறுகிறார்கள். ஒருத்தன் நடந்தே தாய்நாட்டுக்குக் கிளம்பி, வழியிலே காலை இழந்து, பிச்சைக்காரனாகிறான்.

எங்க தாத்தா பர்மாவிலே ஒரு லேவாதேவிக் கடையிலே அடுத்தாளாக இருந்தவர். 1942-லே லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்திலே அரக்கான் மலை வழியாக நடந்து வந்தவர். அந்த நடையைப் பற்றி வீட்டிலே ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்பத்தா கேட்டால், "வந்துட்டேன்ல, விடு" என்பார். பத்து வருஷம் அப்படியே போனது.

'பராசக்தி' டூரிங் டாக்கீசுக்கு வந்தது. அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். கால் போனவன் பிச்சைக்கு நிற்கிற இடத்திலே எழுந்து வெளியே வந்துவிட்டார். வீட்டுத் திண்ணையிலே விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் சொன்னாராம்: "மலையிலே என்கூட ஒரு தெலுங்குக் கூலிக்காரன் வந்தான். கால் வீங்கி உட்கார்ந்துட்டான். தண்ணி கேட்டான். என்கிட்ட அரை டம்ளர் இருந்தது. நான் குடுக்கலை."

மறுநாள் காலையிலே எங்க வீட்டுத் திண்ணையிலே ஒரு மண்பானை வந்தது. பக்கத்திலே ஒரு குவளை. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். "எந்தத் தெரு ஆளு"ன்னு கேட்கக் கூடாது. இது தாத்தா உத்தரவு. அந்தக் காலத்திலே அது லேசான காரியம் இல்லை ஐயா! உறவுக்காரர்களே முகம் சுளித்தார்கள். தாத்தா போன பிறகும் அப்பத்தா இருந்தவரைக்கும் அந்தப் பானை காயவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தண்ணி குடித்த பானை அது.

இப்ப நண்பர் கேட்பார், "ஒரு மனுஷன், ஒரு பானை. இதுதான் மாற்றமா? செத்துப்போன அந்தக் கூலிக்காரன் திரும்பி வந்தானா?" வரலை ஐயா. வரவே மாட்டான். படம் சட்டம் போடாது, குழாய் போடாது, போனவனைக் கொண்டுவராது. ஆனா பத்து வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு மனுஷன் வாயை அது திறந்ததே! தான் செய்தது தப்புன்னு ஒருத்தன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டானே! அதற்கு மேலே ஒரு மாற்றம் உண்டா? (பலத்த கைதட்டல்)

பழைய கதை மட்டும் இல்லை. 2021-லே 'ஜெய்பீம்' வந்தது. 1993-லே போலீஸ் காவலிலே அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பழங்குடித் தொழிலாளி, அவர் மனைவிக்காக உயர்நீதிமன்றத்திலே வாதாடிய வழக்கறிஞர் சந்துரு. நடந்த கதை. தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் இருளர் என்று ஒரு சனம் நம்ம பக்கத்திலேயே வாழ்கிறது என்பது எத்தனை வீட்டுக் கூடத்துக்கு அந்தப் படம் வந்த பிறகுதான் தெரிந்தது! நடிகர் சூர்யா அந்த மக்களின் படிப்புக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். "எடுத்தவர் கொடுத்தார், பார்த்தவன் என்ன கொடுத்தான்?"னு கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியையே உங்க வாயிலே வரவழைத்தது எது? அந்தப் படம்தானே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! படம் பார்த்து அழுதவன் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினான் என்றார் நண்பர். கழுவட்டும். கழுவின கையோடு ஒரு பானையிலே தண்ணி பிடித்து, வாசலிலே கொண்டுவந்து வைத்தவனும் இந்த ஊரிலே இருந்தான். அந்தப் பானையிலே குடித்தவன் சாட்சி சொல்கிறேன்: படங்கள் மனிதனை மாற்றுகின்றன! தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன்.