மீண்டும் ஓடத் தொடங்கினோம்

(நூற்றாண்டு ஆண்டில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் கேட்டார்கள். அது மிகப் பெரிய தலைப்பு. அதனால் உடம்பில் மூன்று விரல் அளவேயான ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேச எண்ணியிருக்கிறோம். குதிக்காலுக்குச் சற்று மேலே கையால் தடவிப் பாருங்கள். கயிறுபோல ஒன்று அகப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிக்கால் எலும்போடு இணைக்கும் அந்தக் கயிறுதான் குதிநாண். சென்ற ஆண்டு முழுவதும் எங்கள் நால்வரின் பேச்சும் அதைப் பற்றியதாகவே இருந்தது.

அந்த நால்வர் யார் என்று சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்கென ஒரே இல்லத்திலிருந்து அஞ்சலோட்டத்துக்குத் தெரிவானவர்கள் நாங்கள். ஆளுக்கு 100 மீற்றர். பின்னேரங்களில் கோல் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஊரோடு சேர்ந்து நாங்களும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்து வகுப்பில் இருந்தபோது நால்வரில் இருவர் இல்லை. ஒருத்தி பின்னர் லண்டனிலும் மற்றவள் ரொறன்ரோவிலும் குடியேறினார்கள். அந்த ஓட்டத்தை நாங்கள் ஓடவே இல்லை.

நூற்றாண்டு விளையாட்டு விழாவில் பழைய மாணவிகளுக்கும் அஞ்சலோட்டம் உண்டு என்று சங்கம் அறிவித்த அன்றிரவே எங்கள் வாட்சப் குழு விழித்துக்கொண்டது. ஓராண்டு இருக்கிறது, ஓடுவோம் என்று முடிவெடுத்தோம். நாற்பத்தைந்து வயதுக் கால்களைப் பதினாறு வயதுக் கணக்கில் ஓட வைத்ததுதான் நாங்கள் செய்த முதற் பிழை. முதல் வாரமே ஒவ்வொரு நாளும் ஓடினோம். மூன்றாம் வாரத்தில் எங்களில் ஒருத்திக்குக் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகள் நோகத் தொடங்கின. பத்து அடி நடந்தால் வலி குறையும். மறுநாள் காலை திரும்பவும் வரும்.

அவள் இரண்டு வாரம் ஓய்வெடுத்தாள். வலி போய்விட்டது. ஓடினாள், வந்துவிட்டது. இப்படி மூன்று தடவை நடந்தது. எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டம் மறுபடியும் நின்றுவிடும் என்ற பயம். நொண்டிக்கொண்டே ஓடி, வலிநிவாரணி போட்டு நான்கு மாதம் சமாளித்தாள். அந்த ஒருத்தி ஒரு வைத்தியர். இப்போது உங்கள் முன் நிற்பவரும் அவரே. நோயாளிகளுக்குச் சொல்லும் புத்தி எங்களுக்கு எட்டுவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

ஓய்வு ஏன் போதவில்லை? தசைக்கு இருக்கும் அளவு இரத்த ஓட்டம் நாணுக்கு இல்லை. அது மெதுவாகவே தேறும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அதன்மேல் உடல் எடையின் பல மடங்கு பாரம் ஏறுகிறது. ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கூடுவதில்லை, குறையவே செய்யும். வலு குறைந்த நாணோடு பழைய தூரத்தை ஓடினால் வலி திரும்பி வருவதில் அதிசயமில்லை.

இங்கே ஒரு கதை. சுவீடனில் ஹொக்கன் அல்பிரெட்சன் என்றொரு எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர். அவருக்கே இந்த வலி. மேலதிகாரி சத்திரசிகிச்சைக்கு உடன்படவில்லை. நாண் அறுந்தாலாவது சத்திரசிகிச்சை செய்வார்கள் என்று எண்ணி, அதை அறுப்பதற்காகவே குதிக்காலைப் பாரத்தோடு கீழே இறக்கும் பயிற்சியைக் கடுமையாகச் செய்தாராம். நாண் அறவில்லை. வலி போய்விட்டது! பின்பு ஓட்டப் பழக்கமுள்ள 15 நோயாளிகளுக்கு அதே பயிற்சியைக் கொடுத்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இயன்மருத்துவர்கள் கற்பிக்கும் பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

நாங்களும் அதையே செய்தோம். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எழும்பி, நோகும் காலால் மெதுவாகக் குதிக்காலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 தடவை, மூன்று முறை. சற்று மடித்தபடியும் அப்படியே. காலையும் மாலையும், 12 வாரம். இலகுவானதும் பாரத்தைக் கூட்ட வேண்டும். மகனின் பழைய புத்தகப் பையில் இரண்டு கிலோ அரிசியில் தொடங்கி, பத்துக் கிலோ வரை சென்றோம். ரொறன்ரோத் தோழி வருமுன் காப்போம் என்று நிலவறைப் படியில் செய்தாள். லண்டன்காரி தேநீர் கொதிக்கும் நேரத்தில் செய்தாள்.

வலியோடு பயிற்சி செய்யலாமா என்று கேட்பீர்கள். வலிக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். 5 வரை பொறுக்கலாம். ஆனால் மறுநாள் காலை அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறவும் கூடாது. இந்த விதியைக் கடைப்பிடித்து ஓட்டத்தையும் தொடர்ந்தவர்கள் அதனால் பின்னடையவில்லை என்று 2007இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று காட்டியது. நாங்கள் கொப்பியொன்றில் ஒவ்வொரு காலையும் ஓர் எண்ணை எழுதி வைத்தோம்.

முப்பது நிமிடம் வேகமாக நடந்தும் மறுநாள் வலி ஏறாத பின்தான் ஓட்டம் தொடங்கியது. ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. இப்படி ஐந்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். இரண்டு வாரம் சரியாக இருந்தால் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. தூரம் முதலில், வேகம் கடைசியில்.

எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் வெறுங்காலோடு மணி்க்கணக்காக நடந்தோம், நின்றோம். தேர் முடிந்த மறுநாள் கொப்பியில் எழுதிய எண் 7. அழுகையே வந்துவிட்டது. அன்றுதான் மற்ற மூவருக்கும் எல்லாவற்றையும் சொன்னோம். “நீ நடந்து வந்தாலும் கோலை வாங்குவோமடி” என்றாள் கொழும்புத் தோழி. முதற்படிக்குத் திரும்பி மறுபடியும் தொடங்கினோம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். யாரோ பின்னாலிருந்து அடித்தது போலச் சட்டென்று வலித்து, நுனிக்காலில் எழும்ப முடியாமற் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போங்கள். நீண்ட விமானப் பயணத்தின் பின் ஒரு கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்துவிடாதீர்கள், உடனே போங்கள். சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகள் நாணைப் பாதிக்கக்கூடும். எடுத்திருந்தால் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நாண் வலியை அலட்சியம் செய்யக்கூடாது.

கிளினிக்கில் எம் வயதுப் பெண்களைக் காண்கிறோம். பிள்ளையின் சோதனை முடியட்டும், மாமியின் கண் சத்திரசிகிச்சை முடியட்டும் என்று ஆறு மாதம் நொண்டிய பின்னர்தான் வருகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு இப்போது வாய் வருவதில்லை. நாளொன்றுக்கு இருபது நிமிடத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

கடந்த பெப்ரவரியில் ஓட்டம் நடந்தது. நிற்காமல் இருபது நிமிடம் ஓடும் நிலைக்கு வந்திருந்தோம். வேக ஓட்டத்துக்கு நாண் இன்னும் தயாராக இருக்கவில்லை. ஆகவே மூன்றாவதாகக் கோலை வாங்கியவர் அந்த 100 மீற்றரையும் மெல்லோட்டமாகவே ஓடினார். கூட ஓடிய தங்கைமார் எல்லோரும் கடந்து போனார்கள். கடைசியாக வந்தோம். நால்வரும் வந்தோம்.

மறுநாள் காலை கொப்பியில் எழுதிய எண் 2.

சனிக்கிழமைகளில் காலை ஐந்தரை மணிக்குப் பாடசாலை மைதானத்தில் நடக்கிறோம், கொஞ்சம் ஓடுகிறோம். சப்பாத்தோடு வாருங்கள்.