தயாரிப்பாளர் ஒருவர் தேவை



நமது நாடக அழைப்பிதழ்களில் ‘எழுத்து, தயாரிப்பு, நெறியாள்கை’ என மூன்று சொற்களை அடுக்கி, அவற்றின் எதிரே ஒருவருடைய பெயரை மட்டும் அச்சிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எழுத்து இன்னதென்று அறிவோம். நெறியாள்கை இன்னதென்றும் அறிவோம். இடையில் நிற்கும் ‘தயாரிப்பு’ யாது என்று கேட்டால் பலரும் சற்றுத் தயங்குவர். இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரித்தானிய அரங்கிலே, நடிகரைப் பயிற்றி நாடகத்தை உருவாக்குபவரையே ‘புரொடியூசர்’ என்றனர். நெறியாளர் வேறு, தயாரிப்பாளர் வேறு என்ற பிரிப்பு அங்கே பிற்பாடுதான் நிலைபெற்றது. பழைய பொருளின் நிழல் நம் அழைப்பிதழ்களில் இன்னும் படிந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இன்றைய பொருளிலே தயாரிப்பாளர் என்பவர், எந்த நாடகத்தை யாருக்காக, எந்த மண்டபத்தில், எவ்வளவு செலவில் மேடையேற்றுவது என்று தீர்மானித்து, அதற்கான பணத்தையும் மனிதரையும் ஒன்றுசேர்த்து, கடைசிக் கணக்கு முடியும் வரை பொறுப்பு நிற்பவர்.

இப்பணி நம் மரபுக்குப் புதிதென்று சொல்வதற்கில்லை. மட்டக்களப்பிலே கூத்துப் பழகத் தொடங்கும்போது சட்டங்கொடுத்தல் நிகழும். பின்னர் சதங்கை அணி விழா வரும். அதன்பின் களரியிலே அரங்கேற்றம். அரங்கேறியபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். ஆட்டத்தையும் பாட்டையும் அண்ணாவியார் பார்த்துக்கொள்ள, களரி அமைப்பது முதல் செலவுக்கு வழி தேடுவது வரை ஊரார் பார்த்துக்கொண்டனர். அதாவது ஊரே தயாரிப்பாளராக இருந்தது. கூத்து நகர மண்டபத்துக்கு வந்தபோது, நவீன நாடகமும் அங்கே வளர்ந்தபோது, அந்த ஊர் கூடவே வரவில்லை. அதன் சுமை முழுவதும் நெறியாளரின் தோளில் ஏறிற்று. ஒத்திகை பார்க்க வேண்டியவர் மண்டபக் கட்டணத்துக்கு ஆள் தேடி அலைகிறார். நான்கு மாதம் பழகிய நாடகம் ஓரிரவு மேடையேறி மறைந்துபோவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

தயாரிப்பாளர் ஒருவர் எவ்வாறு உருவாகிறார்? அமெரிக்காவின் ஹரோல்ட் பிரின்ஸை எடுத்துக்கொள்வோம். 1928இல் பிறந்த இவர், ஜோர்ஜ் அபட் என்ற மூத்த நெறியாளரின் அலுவலகத்திலே சிறு பணியாளராகச் சேர்ந்து, மேடை முகாமைத்துவம் பழகியவர். 1954இல், தமது 26ஆவது வயதிலே, றொபேட் கிரிபித் என்பவரோடு கூட்டாக ‘த பஜாமா கேம்’ என்ற இசை நாடகத்தைத் தயாரித்தார். தயாரிப்பாளர்களான இவ்விருவருமே செலவைக் குறைக்கும் பொருட்டு மேடை முகாமையாளர் வேலையையும் செய்தனர். அந்நாடகம் 1,063 முறை மேடையேறியது. மூன்றாண்டுகளின் பின், 1957இல், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தின் தயாரிப்பாளர் ஒத்திகைக்குச் சிறிது காலமே இருக்கையில் விலகிக்கொண்டார். அவ்வேளை அதனைப் பொறுப்பேற்றவர்களும் இவ்விருவரே. உலகறிந்த அந்நாடகம் ஒரு தயாரிப்பாளரின் துணிவினாலும் பிழைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2019இல் மறைந்த பிரின்ஸ், தாம் பெற்ற வாய்ப்பைப் பிறருக்கும் தர விரும்பினார். இளம் தயாரிப்பாளருக்கென நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடைபெற்ற புலமைப்பரிசில் ஒன்று அவருடைய முயற்சியால் உருவாகி, பின்னர் அவர் பெயரையே தாங்கிற்று. பிரித்தானியாவிலும் ‘ஸ்டேஜ் வண்’ என்ற அறக்கட்டளை புதிய தயாரிப்பாளருக்கு உதவித்தொகை வழங்குகிறது.

அண்மையில் நம் நாட்டுக் குழுவொன்றும் இவ்வாறு ஓர் இளைஞரையோ யுவதியையோ ஓராண்டுப் பயிற்சிக்குத் தெரிய விரும்பி, என்ன கேள்வி கேட்கலாம் என்று என்னிடம் வினவியது. ‘நாடகத்தை ஏன் நேசிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அவர்களுடைய பட்டியலில் முதலாவதாக இருந்தது. அதற்கு எல்லோரும் அழகாக விடை சொல்வர். நான் ஒரு கணக்கைக் கொடுக்கச் சொன்னேன்.

மண்டபத்தில் 300 ஆசனம். நுழைவுச்சீட்டு 500 ரூபா. 180 பேர் வருவர் என்று கொண்டால் வரவு 90,000 ரூபா. செலவோ 140,000 ரூபா. துண்டு விழும் 50,000 ரூபாவுக்கு என்ன செய்வீர்?

சீட்டை 800 ரூபாவாக்கலாம் என்பார் ஒருவர். 180 பேர் 110 பேராகக் குறைந்தால் வரவு 88,000 ரூபாதான், ஆசனங்களும் வெறுமையாகும். காட்சியமைப்பை வெட்டலாம் என்பார் இன்னொருவர். அவர் நெறியாளரிடம் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். மூன்றாமவர், இன்னொரு நாளும் மேடையேற்றினால் மேலதிகச் செலவு எவ்வளவு என்று திருப்பிக் கேட்கக்கூடும். மண்டபம், ஒளி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு 45,000 ரூபா என்போம். அதே அளவு சனம் வந்தால் மொத்தச் செலவு 185,000, வரவு 180,000. துண்டு 5,000 ரூபாவாகச் சுருங்கிவிடும். ஆனால் அந்த இரண்டாவது 180 பேர் யார், எங்கே இருக்கின்றனர், எந்த பஸ்ஸில் வீடு திரும்புவர் என்று அவர் யோசிக்கத் தொடங்குவாராயின், அவரையே தெரிந்துகொள்ளுங்கள் என்றேன்.

கணக்கு மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஜோசப் பாப் என்பவர் நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவிலே ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாக நடத்திவந்தார். 1959இல் பூங்கா ஆணையாளர் றொபேட் மோசஸ், கட்டணம் அறவிட்டே ஆக வேண்டும் என்றார். பாப் இணங்காமல் நீதிமன்றம் சென்று, மேன்முறையீட்டில் வென்றார். பணம் வேண்டாமென்று வாதாடிய தயாரிப்பாளர் அவர்! சீட்டு வாங்க இயலாதவனும் பார்வையாளனே என்ற தெளிவு அவரிடம் இருந்தது. கணக்கறிந்தவரிடம் இந்தத் தெளிவும் இருக்கிறதா என்பதே இரண்டாவது சோதனை.

இனி, தெரிவு செய்யும் குழுவின் கடமை. அதனையும் அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். மாதாந்தம் வாழத்தக்க உதவித்தொகை கொடுங்கள். ‘கலைக்காகச் செய்’ என்று வெறுங்கையோடு விட்டால், வீட்டில் வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே வருவர். தோட்டத்திலிருந்தோ கடலோரக் கிராமத்திலிருந்தோ ஒருவர் வரமாட்டார். அப்போது எந்தக் கதைகள் மேடையேறும் என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிடும். அடுத்து, தேநீர் வாங்கவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டும் அவரை வைத்திருக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கைத் திறந்து காட்டுங்கள். ஆண்டு முடியுமுன் ஒரு சிறு நாடகத்தையாவது அவருடைய முழுப் பொறுப்பில் விடுங்கள். அழைப்பிதழிலே ‘தயாரிப்பு’ என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயரைத் தனியே போடுங்கள்.

நம்மிடம் எழுதுவோர் இருக்கின்றனர். நடிப்போரும் நெறியாள்வோரும் இருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பு இரண்டாம் இரவையும் காண வேண்டுமானால், ஊர் செய்த வேலையைச் செய்ய ஒருவரை நாம் சம்பளம் கொடுத்து வளர்த்தாக வேண்டும்.