கட்டைவிரல் பொம்மை சம்மதம் ஆகுமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வட்டிக் கணக்கு பற்றிப் பேசினேன். பாதிப் பேர் கண் அசந்துவிட்டீர்கள். இன்றைக்குத் தூக்கம் வராது என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்புகிற சின்னப் படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கும்பிடு, இதயம், கட்டைவிரல். எமோஜி என்று பேர் சொல்கிறார்கள். நாம் பொம்மை என்றே சொல்வோம். இந்தப் பொம்மைகளால் நாம் எழுதுவது தெளிவாகிறதா, குழம்புகிறதா? நம் கூட்டமைப்பில் நடந்த ஒரு விஷயத்தால்தான் இதைப் பேச வேண்டி வந்தது. அதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

நேரில் பேசும்போது வாய் மட்டுமா பேசுகிறது? முகமும் கையும் கூடவே பேசும். 'சரி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் கேட்டதற்கு மருமகள் 'சரீ...' என்று இழுத்தால் ஒரு அர்த்தம். 'சரி சரி' என்றால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே 'சரிங்க்கா' என்றால் மனசார ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். இதையே போனில் எழுதினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் ஒரு தடவை ஒரு குழுவுக்கு 'இன்னும் தவணை வரவில்லை' என்று எழுதினேன். சாதாரணமாகத்தான் எழுதினேன். அந்தக் குழுவின் ஊக்குநர் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. கேட்டால், 'மெரட்டுற மாதிரி இருந்துச்சுக்கா' என்றார். அடுத்த மாதம் அதே வரியை எழுதி, பக்கத்தில் ஒரு கும்பிடு பொம்மை வைத்தேன். 'நாளைக்குக் கட்டிடறோங்க்கா' என்று உடனே பதில் வந்தது.

இந்த மாதிரி சிரிப்பு அடையாளம் வந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜம் என்று நம்பிவிட்டார்கள். அப்போது, 1982 செப்டம்பர் 19 அன்று, ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். விளையாட்டுப் பேச்சு என்று காட்ட முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் போடலாம் என்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அது சிரிக்கிற முகம். பிறகு 1999ல் ஜப்பானின் டோகோமோ கம்பெனி தன் செல்போனுக்காக 176 குட்டிப் படங்களை வெளியிட்டது. 2010ல் உலகத்துக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலில் இந்தப் பொம்மைகளும் சேர்ந்தன. நம்ம அ, ஆவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

மலையில் ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். பள்ளிக்கூடமே பார்க்காதவர். மழை பிடித்துக்கொண்டால் குடை பொம்மை அனுப்புவார். பஸ் பொம்மை வந்தால் கிளம்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பேனா பிடிக்க வராது. ஆனால் அவர் வருவாரா மாட்டாரா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இது நல்லதுதானே?

இனி நடந்த கதைக்கு வருகிறேன். ஊர் பேரோ, குழு பேரோ, ஆள் பேரோ சொல்ல மாட்டேன்.

12 பேர் உள்ள ஒரு குழு. வங்கி இணைப்புக் கடன் 6 லட்சம் ரூபாய் வந்தது. ஆளுக்கு 50,000 என்பதுதான் முதலில் பேசியது. கடைசி நேரத்தில் ஊக்குநர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார். மாடு வாங்குகிற 6 பேருக்கு இந்தத் தடவை ஒரு லட்சமாகக் கொடுத்துவிடலாம், மற்ற 6 பேருக்கு அடுத்த கடனில் கொடுக்கலாம், சம்மதமா என்று கேட்டிருந்தார். பதிலுக்கு 11 கட்டைவிரல் வந்தது. அதை எண்ணியது நான். கூட்டம் போட நேரமில்லை, கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் 'அனைவரும் சம்மதித்தனர்' என்று எழுதியதும் நான்தான்.

பணம் பிரிக்கிற அன்றைக்கு ஒரு சகோதரி மலையிலிருந்து இறங்கி வந்தார். மகள் படிப்புக்குப் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். உனக்கு இந்தத் தடவை இல்லை என்றதும் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. 'நீதானம்மா கட்டைவிரல் போட்டிருக்கே' என்று போனை நீட்டினேன்.

அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. 'போன் எம்புள்ளகிட்ட இருந்துச்சுக்கா. குரூப்ல கடனப் பத்தி ஏதோ வந்திருக்குன்னான். பாத்துட்டோம்னு ஒரு பொம்மை போடுடான்னேன். பாத்தேன்னு போட்டது எப்படிக்கா சம்மதம் ஆவும்?'

என்னிடம் பதில் இல்லை. அவர் அன்று சாயங்காலம் வெளியில் 30,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. மாதம் 1,500. எட்டு மாதத்தில் 12,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் குழுவிலேயே கிடைத்திருந்தால் 2,400 ரூபாயோடு முடிந்திருக்கும். நாம் எதற்காகச் சங்கம் வைத்தோம்? கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கக்கூடாது என்றுதானே? ஒரு பொம்மையை நாங்கள் தப்பாகப் படித்ததால் அவர் மறுபடி அந்த வாசலுக்குப் போனார். பிறகு உள்கடனில் முதல் பெயராக அவரைத்தான் வைத்தோம். ஆனால் கட்டிய வட்டியை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

படித்தவர்களுக்குள்ளேயும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 2016ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே பொம்மையை, ஒரே உருவத்தில் காட்டினால்கூட, நாலில் ஒரு தடவை அது நல்ல அர்த்தமா கெட்ட அர்த்தமா என்பதில் பார்த்தவர்கள் ஒத்துப்போகவில்லை. போன் கம்பெனிக்குக் கம்பெனி பொம்மையின் முகமும் கொஞ்சம் மாறும். நம் குரூப்பிலேயே ஒரு சாவுச் செய்திக்கு ஒரு சகோதரி கண்ணீர் வழியும் முகம் அனுப்பினார். அது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வருகிற பொம்மை. அவர் அழுகிறது என்று நினைத்து அனுப்பினார். துக்க வீட்டில் அது எவ்வளவு மனவருத்தம் ஆனது என்று உங்களில் பல பேருக்குத் தெரியும்.

கோர்ட்டுக்கே போன வழக்கும் இருக்கிறது. இரண்டு சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று நம் தமிழ்நாட்டில். ரயில்வே பாதுகாப்புப் படையில் ஒரு காவலர். 2018ல் ஒரு மேலதிகாரி கொலை செய்யப்பட்ட செய்தி அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. இவர் கட்டைவிரல் போட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று சொல்லி வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. கட்டைவிரல் என்றால் செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று தெரிவிப்பதுதான், அதைக் கொலைக்குக் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2024ல் தீர்ப்பு ஆனது. அவருக்கு மறுபடி வேலை கொடுக்கச் சொன்னார்கள்.

இன்னொன்று கனடாவில். சஸ்காட்செவன் மாநிலத்தில் ஒரு விவசாயி. தானியம் வாங்குகிற கம்பெனி 2021ல் ஆளி விதை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் அனுப்பினார். பிறகு விலை ஏறிவிட்டது, சரக்கு கொடுக்கவில்லை. கோர்ட்டில், வந்து சேர்ந்தது என்றுதான் அப்படிப் போட்டேன் என்றார். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. முன்னாடியும் இதே கம்பெனிக்கு ஒரு சொல், இரண்டு சொல்லில்தான் பதில் அனுப்பினீர்கள், அதை ஒப்பந்தமாக நினைத்துச் சரக்கும் கொடுத்தீர்கள், இதுவும் அப்படித்தான் என்றார். 2023ல் வந்த அந்தத் தீர்ப்பில் 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். நம் பணத்தில் சுமார் 50 லட்சம் ரூபாய். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்புதான்.

பார்த்தீர்களா? இங்கே கட்டைவிரல் என்றால் 'பார்த்தேன்' என்றார்கள். அங்கே 'சம்மதம்' என்றார்கள். கனடா கோர்ட்டில் பொம்மையை மட்டும் பார்க்கவில்லை. யார் அனுப்பினார், எதற்குப் பதிலாக அனுப்பினார், இதற்கு முன் அவர்களுக்குள் என்ன பழக்கம் என்று பார்த்தார்கள். அப்படியென்றால் நாம் எந்தப் பழக்கத்தை வளர்க்கிறோமோ அதுதான் நாளைக்கு நம் தலையில் வந்து விடியும். பணத்துக்குக் கட்டைவிரல் போதும் என்று பழகிவிட்டால், 'நான் பாத்தேன்னுதான் போட்டேன்' என்று அழுதாலும் கேட்க ஆள் இருக்காது.

நம் அம்மாக்கள் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். கைநாட்டு வைத்தே நிலம் போன குடும்பம் எத்தனை? 1990களில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பேரை எழுதக் கற்றுக்கொண்டோம். குழுவில் சேர்ந்த அன்றைக்குக் கைநடுங்கக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ரேகை மையைத் துடைத்துவிட்டு வந்த நாம், படிக்காத செய்திக்குப் போனில் கட்டைவிரல் வைக்கலாமா?

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு சகோதரி எழுந்து கேட்டார். 'எழுதத் தெரிஞ்சவங்க நீங்க சொல்றீங்க. எங்களுக்கு அந்தப் பொம்மைதான் எழுத்து. அதையும் புடுங்கிட்டா நாங்க எப்படிப் பேசுறது?' நியாயமான கேள்வி. பொம்மை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குடை பொம்மை அனுப்புங்கள், பஸ் பொம்மை அனுப்புங்கள். ஆனால் பணம் என்று வந்தால் உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள். மைக் படத்தை அழுத்திப் பிடித்தபடி பேசிவிட்டு விட்டால் போதும். அதற்கு எழுத்து தேவையில்லை. உங்கள் பிள்ளை உங்களுக்காகப் பொம்மை போட முடியும். உங்களுக்காக உங்கள் குரலில் பேச முடியாது.

கூட்டமைப்புச் செயற்குழுவில் பேசி நாங்கள் வைத்திருக்கிற யோசனைகள் இவை. சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1. பணம், தேதி, பொறுப்பு சம்பந்தப்பட்ட செய்திக்குப் பொம்மை பதில் ஆகாது. 'பார்த்தேன்', 'சம்மதம்', 'சம்மதம் இல்லை' என்று மூன்றில் ஒன்றை எழுதவும். அல்லது பேரைச் சொல்லிக் குரலில் அனுப்பவும்.

2. எந்தச் செய்திக்குப் பதிலோ அந்தச் செய்தியைப் பிடித்து, அதிலேயே பதில் போடவும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. நாலு செய்தி ஒன்றாக வந்து விழும்போது, தனியாக வந்த கட்டைவிரல் எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

3. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். நீங்கள் கட்டைவிரல் போட்ட பிறகு தொகை மாறலாம். ஆகவே பதிலில் தொகையையும் சேர்த்துச் சொல்லவும்: '50,000க்குச் சம்மதம்'.

4. பதில் சொல்லாமல் இருப்பதைச் சம்மதமாக எடுக்கக்கூடாது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சிலேயே எத்தனை பெண்களைக் கெடுத்திருக்கிறது!

5. சாவு, நோய், துக்கம் என்றால் பொம்மை வேண்டாம். இரண்டு வார்த்தை எழுதுங்கள், முடிந்தால் போனில் பேசுங்கள்.

6. கடைசியாக, முக்கியமாக: வாட்ஸ்அப்பில் தீர்மானம் கிடையாது. தீர்மானம் கூட்டத்தில்தான். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகிறது, எப்படி வருவது என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் மலைக் குழுக்களின் கடன் தீர்மானத்துக்கு இனிமேல் நாங்கள் மேலே வருகிறோம். கணக்காளர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறட்டும். உறுப்பினர் எதற்கு வட்டி கட்ட வேண்டும்?

நான் சொன்ன அந்தச் சகோதரி இன்றைக்கும் வந்திருக்கிறார். இதைப் பேசலாமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டேன். கட்டைவிரல் அனுப்பவில்லை. குரலில் பதில் அனுப்பினார். 'பேசுங்கக்கா, எனக்குச் சம்மதம். எம்பேரு மட்டும் வேணாம்.' அதைக் கேட்ட பிறகுதான் இங்கே நிற்கிறேன்.

இந்த 6 யோசனைக்கும் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். இல்லாதவர்கள் எழுந்து பேசுங்கள், நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு முன் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.