முள்ளந்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளை
(தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



காலையிலிருந்து மலையில் கொழுந்தெடுத்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம்.

சில பிள்ளைகள் முதுகிலே நீர்க்கட்டி மாதிரி ஒன்றோடு பிறக்கின்றன. டாக்டர்மார் இதை 'ஸ்பைனா பிஃபிடா' என்பார்கள். முள்ளந்தண்டு ஓரிடத்தில் மூடாததால் உள்ளே இருக்கவேண்டிய நரம்புகள் அவ்வழியே வெளியே தள்ளி நிற்கும். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் அதனால் சரியாக வேலை செய்யாது.

லயத்திலே என்ன பேசுகிறார்கள்? "கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள்", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறார்கள். அதெல்லாம் கிடையாதுங்க. கரு உண்டாகி 28 நாளைக்குள் மூடவேண்டியது மூடவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் தான் பிள்ளைத்தாச்சி என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. ஆகவே, மாமியார்மாரே, மருமகளைக் குறை சொல்லாதீர்கள்!

பிறந்த உடனே கட்டியின் மேல் மஞ்சளோ எண்ணெயோ பச்சிலையோ பூசக்கூடாது. பிள்ளையைத் தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில் சத்திரசிகிச்சை செய்து மூடுவார்கள். அதனால் கிருமி புகுவது தடுக்கப்படும். கெட்டுப்போன நரம்பு திரும்பி வராது.

பல பிள்ளைகளுக்குத் தலையில் நீர் சேரும். அதை வயிற்றுக்கு இறக்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். அந்தக் குழாய் அடைபட்டால் ஆபத்து. பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தாலும், தலைவலி என்று அழுதாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும், கைப்பிள்ளையின் உச்சிக்குழி புடைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவோ மழையோ, வாகனம் கேட்டு உடனே புறப்படுங்கள்.

வீட்டிலே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கால். அந்தக் காலிலே சூடு தெரியாது, அட்டை கடித்தாலும் தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தினமும் பொழுதுசாய பாதத்தையும் பிட்டத்தையும் திருப்பிப் பாருங்கள். சிறு சிவப்பு கண்டாலும் காட்டுங்கள்.

இரண்டாவது, சிறுநீர். அது தேங்கி நின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு எடுக்கக் கிளினிக்கில் பழக்குவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிச் செய்தால் தாயாலும் முடியும். வளர்ந்தபின் பிள்ளை தானே செய்துகொள்ளும்.

மூன்றாவது, றப்பர். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு றப்பர் பலூன், றப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

இனிப் பள்ளிக்கூடம். "நடக்க முடியாததுக்கு எதற்குப் படிப்பு?" என்று யாரும் கேட்கலாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, வலதுகுறைவைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது. இதே குறையோடு 1969 இல் பிரித்தானியாவில் பிறந்த டானி கிரே தாம்சன், சக்கர நாற்காலியில் ஓடிப் பராலிம்பிக்கில் 11 தங்கம் வென்றார். 2010 இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்தார். நமது பிள்ளைக்குத் தேவை, லயத்துப் படிக்கட்டைத் தாண்டித் தூக்கிவிட இரண்டு கைகள். பக்கத்துக் காம்பராக்காரர் ஆளுக்கொரு நாள் கைகொடுத்தால் தாய்க்குப் பேரும் போகாது, பிள்ளைக்குப் பாடமும் போகாது.

கடைசியாக, புதிதாகக் கலியாணம் கட்டியவர்களுக்கு. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தால் பெரும்பாலான இத்தகைய குறைகளைத் தடுக்கலாம். கீரை, பருப்பு நல்லதுதான். ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது. ஏற்கெனவே இப்படியொரு பிள்ளை பெற்றவர்களுக்கும் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு வேறு. வலிப்பு மருந்தை நீங்களாகவே நிறுத்தாமல், கருத்தரிக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் லயத்தில் இப்படியொரு பிள்ளை உள்ளே படுத்திருந்தால் மிட்வைஃப் அம்மாவிடமோ எங்களிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். மறைத்து வைக்க இதில் வெட்கம் எதுவுமில்லை.