வீட்டுக் கரண்டில் ஓடும் காடி



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். இதே பள்ளியில் படித்து, வயரிங் தொழில் கற்று, ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவன். "மின்சாரக் காடி, சோலார் என்று எல்லாரும் பேசுகிறார்கள். நம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லப்பா" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

கரண்டை நாமே செய்து கொள்வது தோட்டத்து ஆட்களுக்குப் புதிய சங்கதி அல்ல. எஞ்சின் ஓடும்வரைதான் லயத்தில் விளக்கு எரியும் என்ற காலத்தை இங்கிருக்கும் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். நம் செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, நீராவி எடுத்து, தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே செய்து கொள்கின்றன. பேட்டரியில் ஓடும் வண்டியும் நம் பக்கத்தில் இருக்கிறது. புக்கிட் பெலிம்பிங்கில் மின்மினி பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே படகு சத்தமில்லாமல் போவது பேட்டரி மோட்டாரால்தான்.

இப்போது அது வாசலுக்கே வந்துவிட்டது. புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்ற காடியை வெளியிட்டது. 2025 அக்டோபரில் 60,000 வெள்ளிக்கும் குறைந்த ஆரம்ப விலையில் இ.மாஸ் 5 வந்தது. டிசம்பரில் பெரோடுவாவும் கியூ.வி.-இ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. பின்னாலேயே சோலார் விற்கிற பிள்ளைகளும் தாமான் தாமானாக வருகிறார்கள். "அங்கிள், இனிமேல் கரண்டு ஃப்ரீ, பெட்ரோலும் ஃப்ரீ" என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

மின்சாரக் காடி 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் வேண்டும். கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பினால் 130 கிலோமீட்டர், அதாவது 20 யூனிட். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 300 யூனிட்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில் சாதாரண வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 காசு. குறைவாகச் செலவு செய்கிற வீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிப்பார்கள். அதற்கு மேல் போகப் போகத் தள்ளுபடி தேயும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. இன்று 200 யூனிட்டுக்கு 39 வெள்ளி கட்டுகிற வீட்டில் காடிக்காக 300 யூனிட் கூடினால் பில் 160 வெள்ளியைத் தொடும். காடியின் பங்கு ஏறக்குறைய 120 வெள்ளி. அதே 2,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காடி 140 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த உதவி விலையான 1.99 வெள்ளிப்படி அது 279 வெள்ளி. மிச்சம் உண்டுதான், ஆனால் ஃப்ரீ இல்லை. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் காடி எடுக்கிற குடும்பத்துக்கு இந்த மிச்சம் மாதத் தவணையின் ஓரத்தைக்கூடத் தொடாது.

அடுத்தது என் தொழில் விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு மூணு பின் பிளக் 13 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். கெத்தல் தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் கொதித்துவிடும், பிளக்கும் ஆறிவிடும். காடி அப்படியில்லை. அதே பிளக்கில் இரவு பத்து மணிக்கு மாட்டினால் விடியற்காலை வரைக்கும் விடாமல் இழுக்கும். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, கருகிவிடும். நீங்களோ தூக்கத்தில் இருப்பீர்கள். அதிலும் சில பேர் காடியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக விட்டு, கால்வாயைத் தாண்டி இழுக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். மழையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம் அது.

காடிக்கென்று டி.பி. பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சோதித்துப் பார்த்த எர்த் வேண்டும். கசிவு கண்டால் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி.யும் இதற்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். காடியிலிருந்து நேர் மின்னோட்டம் கசிந்தால் சாதாரண ஆர்.சி.சி.பி. மரத்துப் போய் வேலை செய்யாமல் நின்றுவிடும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் வரை இழுக்கும். ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் கூடவே ஓடினால் பழைய மலிவு விலை வீட்டுக்கு வருகிற மொத்தக் கரண்டே போதாமல் போகலாம். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இருக்கிற வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இனி சோலார். ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளைக்கு மூன்று, மூன்றரை யூனிட் தரும். நாலு கிலோவாட் போட்டால் மாதம் 400 யூனிட் வரை பார்க்கலாம். ஆனால் வெயில் அடிக்கிற நேரத்தில் காடி எங்கே? வேலைக்குப் போயிருக்கும். முன்பு இருந்த திட்டத்தில் பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டுக்குப் பதிலாக இரவில் ஒரு யூனிட்டை ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு 2025 ஜூன் 30ஆம் தேதியோடு கதவு அடைத்தாகிவிட்டது. 2026 ஜனவரியில் தொடங்கிய 'சோலார் அத்தாப்' திட்டத்தில் வெளியே போகும் யூனிட்டுக்கு முழு விலை கிடைக்காது. பகலில் வீட்டிலேயே செலவாகிற யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு. பழைய கணக்கைக் காட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

ஆகவே 40 வெள்ளி பில் கட்டுகிற வீட்டுக்கு இப்போது சோலார் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பில் பெரிதாக வருகிற வீட்டுக்கும், பகலில் காடி வீட்டில் நிற்கிற குடும்பத்துக்கும் பொருந்தும். ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர்! அவர்கள் பகலில் தூங்குகிறார்கள், காடி வாசலில் நிற்கிறது, வெயிலும் அடிக்கிறது. அவர்கள் 7 கிலோவாட்டில் வேகமாக ஏற்ற வேண்டிய அவசியமில்லை. சார்ஜரை 2 கிலோவாட்டுக்குக் குறைத்து வைத்தால் நாலு கிலோவாட் கூரை அதற்குத் தாராளமாக ஈடு கொடுக்கும்.

இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. வீதியில் கரண்டு போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்னொன்று, பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளை போட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

தோட்டத்து வீட்டில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், "தம்பி, எங்களுக்கு?" என்று. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சார வசதியை முதலாளி செய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் வயரும் கூரையும் நிர்வாகத்துடையவை. அனுமதி இல்லாமல் காடியை மாட்டி ஏதாவது ஆகிவிட்டால் பழி உங்கள் தலையில் விழும். தனியாகக் கேட்பதைவிட, தொழிற்சங்கக் கிளை வழியாக எழுத்தில் கேளுங்கள். கொட்டகையில் பொதுவாக ஒரு சார்ஜிங் இடம், தனி மீட்டரோடு. மின்சார மோட்டார் சைக்கிளுக்கு அது ரொம்பவே போதும். சொந்த வீடு வாங்கப் போகிறவர்கள், வயரிங் எப்படி, கூரையில் நிழல் விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தம்பி தங்கைகளே, வயர்மேன் சான்றிதழ் படிப்பும், செடா ஆணையம் நடத்தும் சோலார் பயிற்சியும் இருக்கின்றன. எனக்கு ஆள் போதவில்லை. படிவம் கொண்டு வந்திருக்கிறேன்.

பெற்றோர்களே, கடைசி மூன்று மாத கரண்டு பில்லைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்கள், பரிசளிப்பு முடிந்ததும் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் வாருங்கள். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன், உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். காசு வேண்டாம்.