மூன்று இடமும் ஒரு தொகுதியும்

வாக்குரிமையைப் பற்றிப் பேசும்போது, "ஒருவருக்கு ஒரு வாக்கு, மிகுதியான வாக்குகளைப் பெற்றவருக்கே வெற்றி" என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். சிறுவர்க்கும் விளங்கும் எளிய விதி அது. ஆனால், அவ்விதி எங்கும் எப்பொழுதும் நீதி வழங்குமா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அப்பொழுதெல்லாம் நான் அவர்களுக்கு வட அயர்லாந்தின் கதையைச் சொல்வது வழக்கம். இன்று உங்களுக்கும் அதையே சொல்ல விழைகின்றேன்.

அயர்லாந்துத் தீவின் வடகிழக்கில் ஆறு மாவட்டங்கள் கொண்ட சிறு நிலப்பகுதி வட அயர்லாந்து. 1921-இல் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, இப்பகுதி பிரிட்டனுடனேயே நின்றது. இங்கு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிராட்டஸ்டண்டுகள். பிரிட்டனோடு இணைந்திருப்பதே இவர்களிற் பெரும்பாலோரின் விருப்பம். ஆகவே இவர்களை இணைப்புவாதிகள் என்போம். எஞ்சிய ஒரு பங்கினர் கத்தோலிக்கர். தீவு முழுவதும் ஒரே அயர்லாந்தாக வேண்டும் என்பது இவர்களிற் பெரும்பாலோரின் வேட்கை. இவர்களைத் தேசியவாதிகள் என்போம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு நாட்டில் இன்றைய சிறுபான்மைக் கட்சி நாளை பெரும்பான்மை பெறக்கூடும். விலைவாசி உயர்ந்தால் மக்கள் மனம் மாறும், ஆட்சியும் மாறும். வட அயர்லாந்திலோ கட்சிப் பிரிவு பிறப்போடு வந்த பிரிவாக இருந்தது. தோற்றவர் அடுத்த தேர்தலிலும் தோற்பார். அதற்கடுத்த தேர்தலிலும் தோற்பார். மாறாத பெரும்பான்மையும் மாறாத சிறுபான்மையும் ஒரே ஊரில் வாழும்போது, "மிகுதியான வாக்குக்கே வெற்றி" என்னும் விதி ஒரு சாராரின் வாயை அடைத்துவிடுகிறது.

இதனை முன்னறிந்தே, 1920-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டம் அங்கே விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை விதித்திருந்தது. அதில் மாற்று வாக்கு முறை கையாளப்பட்டது. 1921-லும் 1925-லும் வட அயர்லாந்துப் பாராளுமன்றத் தேர்தல்கள் அம்முறைப்படியே நடந்தன. 52 இடங்கள் கொண்ட அச்சபையில், ஆளும் கட்சி 1921-இல் 40 இடங்களைப் பெற்றது. 1925-இல் 32 இடங்களே பெற்றது. தேசியவாதிகள் மட்டுமன்றித் தொழிற் கட்சியாரும் சுயேச்சையாளரும் சபைக்குள் புகுந்தனர். ஆளும் கட்சிக்கு இது உவப்பாயில்லை. நகராட்சித் தேர்தல்களில் 1922-லேயே நீக்கப்பட்டிருந்த அம்முறை, 1929-இல் பாராளுமன்றத் தேர்தலிலும் நீக்கப்பட்டது. 1921 முதல் 1972 வரை ஆட்சி ஒரே கட்சியின் கையில் இருந்தது.

முறை மாறியதன் விளைவை ஒரு நகரத்தில் கண்கூடாகக் காணலாம். அதன் பெயரே வழக்குக்குரியது. தேசியவாதிகள் டெரி என்பர், இணைப்புவாதிகள் லண்டன்டெரி என்பர். அந்நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆயினும் 1960-களில் நகர சபையின் 20 இடங்களுள் 12 இணைப்புவாதிகளிடமும் 8 தேசியவாதிகளிடமும் இருந்தன. எப்படி? நகரம் மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கத்தோலிக்கருட் பெரும்பாலோர் அடங்கிய வட்டத்துக்கு 8 இடங்கள். மற்ற இரு வட்டங்களுக்கு 8-ம் 4-மாக 12 இடங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பெரும்பான்மையோர் அவ்வட்டத்தின் இடங்கள் அனைத்தையும் அள்ளிக்கொண்டனர்.

ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் இருந்தால் மட்டும் சிறுபான்மையோருக்கு நீதி கிடைத்துவிடாது என்பதை இதனால் அறிகின்றோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 100 வாக்காளர்; 3 இடங்கள். 60 பேர் ஒரு கட்சி, 40 பேர் மற்றொரு கட்சி. ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் கொடுத்தால் என்ன ஆகும்? 60 பேரும் தம் கட்சியின் மூவருக்கும் வாக்களிப்பர். மூன்று இடங்களும் அவர்களுக்கே. 40 பேருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

மாற்று வாக்கு முறையிலோ ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்குத்தான். ஆனால், வாக்காளர் அபேட்சகர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையைக் குறிக்கலாம். வெற்றிக்குத் தேவையான அளவு முதலில் வகுக்கப்படும். செல்லுபடியான வாக்குகளின் தொகையை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, ஈவோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நம் கணக்கில் 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25. ஒன்று கூட்ட 26. நான்கு பேர் ஆளுக்கு 26 வாக்குகள் பெற முடியாது. அதற்கு 104 வாக்குகள் வேண்டும். மூவரே பெற முடியும். 60 பேர் இருவரை அனுப்புவர். 40 பேர் ஒருவரை அனுப்புவர்.

ஒருவர் தேவைக்கு மேல் வாக்குப் பெற்றால், அந்த மிகுதி அவருக்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பத்தின்படி பிறருக்குப் பகிரப்படும். கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டால், அவருடைய வாக்குகளும் அவ்வாறே பகிரப்படும். என் வாக்கு வென்றவரிடம் மிகையாகக் குவிந்தோ, தோற்றவரிடம் சிக்கியோ வீணாகாமல் மற்றொருவருக்குத் துணையாகச் செல்கிறது. கடினமானது எண்ணிக்கை, அது அதிகாரிகளின் வேலை. வாக்காளர் செய்ய வேண்டுவது ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவதே.

இம்முறை நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இம்முறைப்படியே. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 பேர். ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்து, அனைவரும் வாக்களித்தால், 34 பேரின் முதல் வாக்கு ஒருவரின் வெற்றிக்குப் போதும். எதிர்க்கட்சியும் தன் வலிமைக்கேற்ப மாநிலங்களவையில் இடம் பெறுவது இதனால்தான்.

இனி வட அயர்லாந்துக்குத் திரும்புவோம். 1960-களின் இறுதியில் அங்கே மூண்ட கலகம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தீயின் நடுவே, 1973-இல் உள்ளூர்த் தேர்தல்களுக்கும் மாகாண சபைத் தேர்தலுக்கும் மாற்று வாக்கு முறை மீண்டும் வந்தது. பின்னர் 1979-இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக உறுப்பினர்களை அனுப்பும் முதல் தேர்தல் வந்தது. பிரிட்டனுக்கு 81 இடங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 78 இடங்களும் ஓர் உறுப்பினர் தொகுதிகளாகப் பழைய முறையிலேயே விடப்பட்டன. வட அயர்லாந்து மட்டும் மூன்று உறுப்பினர் கொண்ட ஒரே தொகுதியாக்கப்பட்டு, மாற்று வாக்கு முறைக்கு உட்படுத்தப்பட்டது. மூன்று தனித் தொகுதிகளாகப் பிரித்தால் சிறுபான்மையோர் ஓரிடமும் பெறாமற் போகலாம் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அந்தத் தேர்தலின் எண்களைக் காண்போம். செல்லுபடியான வாக்குகள் 5,72,239. வெற்றிக்குத் தேவையானவை 1,43,060. இணைப்புவாதிகளின் தீவிரத் தலைவரும் சமயப் போதகருமான இயான் பெய்ஸ்லி 1,70,688 முதல் வாக்குகள் பெற்று உடனே வென்றார். டெரி நகரில் பள்ளி ஆசிரியராயிருந்த ஜான் ஹ்யூம் 1,40,622 பெற்றார்; குறைவு 2,438 மட்டுமே. பிறர் வாக்குகள் பகிரப்பட்டபோது அவரும் வென்றார். மூன்றாமவர் ஜான் டெய்லர் பெற்ற முதல் வாக்குகள் 68,185 மட்டுமே. மாறி வந்த வாக்குகளே அவரைக் கரை சேர்த்தன. பழைய விதியின்படி பகுதி முழுவதற்கும் ஒரே இடம் என்றிருந்தால், பெய்ஸ்லி ஒருவரே அனைவருக்கும் பிரதிநிதியாகியிருப்பார். பத்தில் மூவரின் முதல் வாக்கே அவருக்கிருந்தது.

பெய்ஸ்லியும் ஹ்யூமும் 2004 வரை அப்பாராளுமன்றத்தில் அமர்ந்தனர். உள்நாட்டு அரசியலில் இருவரும் எதிரும் புதிருமானவர்கள். எனினும், தம் மண்ணின் உழவர்க்கும் தொழில்களுக்கும் ஐரோப்பிய உதவி தேவைப்பட்டபோது ஒன்றுகூடி வாதாடினர். 1994-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது, இவ்விருவரும் மூன்றாம் உறுப்பினரான ஜிம் நிக்கல்சனும் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோரைச் சந்தித்தனர். சமாதானத்துக்கான ஐரோப்பிய நிதித் திட்டம் 1995-இல் தொடங்கிற்று. ஹ்யூம் 1998-இல் டேவிட் ட்ரிம்பிளுடன் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார்.

நாற்பதாண்டுக் காலம் இருவர் இணைப்புவாதிகள், ஒருவர் தேசியவாதி என்றே இத்தொகுதி முடிவு தந்து வந்தது. மூன்றே இடங்கள் இருந்தமையால், நான்கில் ஒரு பங்கு ஆதரவைத் திரட்ட இயலாத சிறு குழுக்கள் வெளியே நின்றன. இது அம்முறையின் குறை. ஆனால் 2019-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. அவ்விரு அணிகளிலும் சேராத கூட்டணிக் கட்சியின் நவோமி லாங் 18.5 சதவீத முதல் வாக்குகளே பெற்றார். மாறி வந்த வாக்குகளால் வென்றார். மற்றவர்களை முதல் விருப்பமாகக் கொண்டவர்கள் பலர், அடுத்த எண்ணை அவருக்கு இட்டிருந்தனர். பிறப்பாற் பிரிந்த மக்கள், வரிசை எண்ணால் ஒருவரை ஒருவர் அணுக முடிந்தது. அதுவே அத்தொகுதியின் கடைசித் தேர்தலாயிற்று. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது.

தேர்தல் முறை ஒன்றே கலகத்தை அணைத்தது என்று நான் சொல்லவில்லை. 1973-இல் அது மீண்டபின்னும் குண்டுகள் வெடித்தன, உயிர்கள் மாய்ந்தன. சமாதானத்தைத் தேடியவர்கள் மனிதர்களே. ஆனால், அவர்கள் தம் மக்களின் பெயரால் பேசுவதற்கு ஓர் இருக்கை வேண்டும். ஹ்யூமுக்கு அவ்விருக்கையைக் கொடுத்தது 1,40,622 பேரின் வாக்கு. அவ்வாக்கு வீணாகாமற் காத்தது அம்முறை.

மாணவ நண்பர்களே, தீர்மானம் செய்யும் உரிமை பெரும்பான்மையோருக்கு உண்டு. அத்தீர்மானத்துக்கு முன் பேசும் உரிமை எல்லாருக்கும் உண்டு. உங்கள் கல்லூரி மன்றத்தில் மூவர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, ஒருமுறை 1, 2, 3 என்று எழுதி வாக்களித்துப் பாருங்கள். எண்ணி முடிக்கச் சற்று நேரம் ஆகும். எண்ணி முடித்தபின், வழக்கமாக மௌனமாயிருக்கும் கடைசி வரிசையிலிருந்தும் ஒருவர் அக்குழுவில் அமர்ந்திருக்கக் காணலாம்.