நடுக்கோட்டருகே ஒரு புயல்

நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் புயல் பிறக்காது என்பார்கள். கடலில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் காற்றை வளைத்துச் சுழலவிடுவது பூமியின் சுழற்சி. அந்தச் சுழற்சி தரும் வளைக்கும் விசை நடுக்கோட்டில் பூஜ்யம். அதனால் நடுக்கோட்டருகே வாழும் சிங்கப்பூர்க்காரர்களுக்குப் புயல் என்றால் பேப்பரில் படிக்கிற சங்கதிதான்.

2001 டிசம்பர் கடைசியில் கதை மாறியது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் நாள்கணக்கில் விடாமல் பாய்ந்தது. போர்னியோ பக்கம் அந்தப் பருவத்தில் அடிக்கடி தோன்றும் காற்றுச்சுழல் ஒன்று மெல்லக் கடலுக்கு நகர்ந்து அதில் மாட்டிக்கொண்டது. கயிறு இழுத்த மத்துபோலச் சுற்ற ஆரம்பித்தது. அதுதான் வாமெய் புயல்! நடுக்கோட்டுக்கு வெறும் 1.4 டிகிரி வடக்கில். 27-ஆம் தேதி மலேசியாவின் ஜோகூரில் கரையேறி, வெள்ளக்காடாக்கிவிட்டு, சுமத்ராவையும் தாண்டியது. இப்படி ஒன்று கூடிவர 100 முதல் 400 ஆண்டுகள் ஆகுமாம், ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. நூறுக்கும் நானூறுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள்!